ஈசியூ போச்சு என்றார்களா? கழற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

வண்டி ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் போன் வந்தது: "சார், ஈசியூ போச்சு. புதுசுதான் போடணும்." என்னுடையது பழைய பெட்ரோல் கார். செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் பிடிக்காது. காலையில் பிடித்தால் மத்தியானம் மக்கர் பண்ணும். கடைசியில் பார்த்தால், பேட்டரித் தட்டுக்கு அடியில் பாடியோடு சேரும் எர்த் போல்ட்டில் துரு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முறுக்கினேன். அதே ஈசியூவில்தான் வண்டி இன்னும் ஓடுகிறது.

ஈசியூ என்பது என்ஜினுக்கு எப்போது, எவ்வளவு பெட்ரோல், எந்த நேரத்தில் தீப்பொறி என்று முடிவு செய்யும் சின்னக் கணினி. உள்ளே தேயும் பாகம் எதுவும் கிடையாது. அது தானாகக் கெடுவது அபூர்வம். தண்ணீர், பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றிக் கொடுத்த ஜம்ப் ஸ்டார்ட், வெளியே ஷார்ட் ஆன காயில் அல்லது இன்ஜெக்டர், வயது, இவைதான் அதைக் கொல்லும். அதனால் வெளியிலிருந்து ஆரம்பித்து, கடைசியாகத்தான் அதன் மூடியைத் திறக்கப் போகிறோம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கதை வேறு. 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். சாவியைப் போட்டுப் பார்க்கவே கூடாது, முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் போர்டின் செப்புத் தடங்கள் மிக வேகமாக அரிக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டெஸ்ட் லைட், ஓபிடி ஸ்கேனர் (ஈசியூ பதிந்துவைத்த பிழைகளைப் படிக்கும் கருவி), உங்கள் மாடலின் வயரிங் படம். ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் ஸ்கேனரே ஆரம்பத்துக்குப் போதும். வயரிங் படம் இல்லாமல் மட்டும் ஈசியூ கனெக்டரில் கை வைக்காதீர்கள்.

முதலில் சாவி, பேட்டரி, ஃபியூஸ்

இக்னிஷனை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி முனகும், கேட்கிறதா? ரெண்டுமே இல்லை என்றால் ஈசியூவுக்குக் கரண்டோ எர்த்தோ வரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஈசியூவே செத்திருக்கலாம் என்பது அதற்கு அடுத்த சந்தேகம்தான்.

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சரி செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வோல்ட் குறைந்தால் ஈசியூ உளறும், சம்பந்தமே இல்லாத கோடுகளை, அதாவது பிழை எண்களை, பதியும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாமல், டெஸ்ட் லைட்டை அதன் ரெண்டு தலையிலும் வையுங்கள். ஈசியூவுக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேவைப் பக்கத்தில் இருக்கும் அதே மாதிரி ரிலேவோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது

16 பின் ஓபிடி கனெக்டர் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். 16ஆம் பின்னில் பேட்டரி வோல்ட், 4லும் 5லும் எர்த் இருக்க வேண்டும். ஸ்கேனருக்கே உயிர் வரவில்லை என்றால் இங்கே பாருங்கள்.

பி0601 நினைவகப் பிழை, பி0604 ரேம், பி0605 ரோம், பி0606 ப்ராசஸர். இவை ஈசியூ தன்னைத்தானே குற்றம் சொல்லும் கோடுகள். ஆனாலும் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். பேட்டரி சரியானபின் கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள், திரும்பி வந்தால்தான் கணக்கு. யு0100 என்பது வண்டியில் உள்ள மற்ற மாட்யூல்கள் (குட்டிக் கணினிகள்) "ஈசியூவிடமிருந்து பதிலே இல்லை" என்று புகார் சொல்வது.

கேன் வயரிங் (மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) உள்ள வண்டியில், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஓபிடி கனெக்டரின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் அளக்கலாம். சுமார் 60 வந்தால் நல்லது. ரெண்டு முனையிலும் தலா 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருப்பதால் இந்த 60. மீட்டர் 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ரெண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எலி கடித்த இடத்தைத் தேடுங்கள். சில மாடல்களில் கனெக்டருக்கும் அந்த வயருக்கும் நடுவே கேட்வே என்ற மாட்யூல் இருப்பதால் இந்தக் கணக்கு மாறும்.

எர்த்தை ஓம்ஸில் அளக்காதீர்கள்

நான் ஏமாந்தது இங்கேதான். பத்து இழையில் ஒரே இழை மிஞ்சிய வயரும் மீட்டரில் பூஜ்ய ஓம்ஸ் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கம் வழியாக மெல்லிய ஊசியை விட்டு ஈசியூவின் எர்த் பின்னில் சிவப்பு முனை, பேட்டரி நெகட்டிவில் கறுப்பு முனை. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். அரை வோல்ட் வந்தால் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. எர்த் பின் ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றையும் பாருங்கள்.

5 வோல்ட் தந்திரம்

பல சென்சார்களுக்கு ஈசியூதான் 5 வோல்ட் கொடுக்கிறது. அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் மொத்தமும் படுத்துவிடும். ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் கோடுகள் வரும். பார்ப்பவர் "ஈசியூ காலி" என்பார். மீட்டரை அந்த 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் 5 திரும்பி வருகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் பிடுங்கியும் வரவில்லையா? அந்த ஒரு வயரை மட்டும் ஈசியூ கனெக்டரிலிருந்து விடுவித்து, ஈசியூ பின்னில் அளக்க வேண்டும். அங்கே 5 இருந்தால் வயரிங்கில் கோளாறு. கரண்டும் எர்த்தும் சரியாக இருந்தும் அங்கேயே 5 இல்லை என்றால், சரி, இப்போது ஈசியூவைக் கழற்றலாம்.

மூடியைத் திறந்தால்

சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் விடுங்கள். போர்டைத் தொடுமுன் எர்த் ஆன உலோகத்தைத் தொட்டு உடம்பின் ஸ்டாட்டிக்கை இறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஜெல் ஊற்றி, முடி போன்ற மெல்லிய கம்பிகள் தெரிந்தால் அப்படியே மூடிவிடுங்கள், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

பச்சையாகப் படிந்த துரு, கருகிய இடம், கனெக்டர் பின்களைச் சுற்றி மோதிரம் போல விரிசல் விட்ட ஈயம், உப்பிய அல்லது ஒழுகிய கெப்பாசிட்டர் (சின்ன உருளை போன்ற பாகம்), இவற்றை லென்ஸ் வைத்துத் தேடுங்கள். கெப்பாசிட்டர் ஒழுகினால் மீன் நாற்றம் அடிக்கும். 1990களின் முதல் பாதியில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் கார்களின் ஈசியூ இதற்கே பேர் போனது.

ஒழுகலை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, அடியில் தடம் அரித்திருக்கிறதா என்று பார்த்தபிறகு புதியதை வையுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி வகை. மேலே கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், மாற்றி வைத்தால் வெடிக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் ஒரு பழைய ரேடியோ போர்டில் கை பழகிக்கொள்ளலாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல், போர்டில் அதன் காயிலையோ இன்ஜெக்டரையோ இயக்கும் ட்ரைவர் ட்ரான்சிஸ்டர் கருகியிருந்தால், அதை எரித்தது எது என்று கண்டுபிடிக்காமல் மாற்றாதீர்கள். ஷார்ட் ஆன காயில் இன்னும் அங்கேயே இருந்தால் புது ட்ரான்சிஸ்டரும் அதே வழியில் போகும்.

ப்ராசஸரோ நினைவகமோ போயிருந்தால் வேறு ஈசியூதான். பழைய இரும்புக் கடையில் வாங்குவதாக இருந்தால் மேலே ஒட்டிய பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்படியும் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள வண்டியில் அது உங்கள் சாவியை அடையாளம் தெரியாமல் ஸ்டார்ட் ஆக விடாது. பழையதன் தரவை அதில் ஏற்றவோ, சாவியைப் புதிதாக இணைக்கவோ தெரிந்த ஆளைப் பிடித்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

திரும்ப மாட்டியதும் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம். ஈசியூ தான் கற்றுவைத்ததை மறந்திருக்கும், ஓடஓடச் சமனாகும். சில வண்டிகளில் ஸ்கேனர் வழியாகத் த்ராட்டிலைப் பழக்க வேண்டியிருக்கும். மூன்று நாள் ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடானபோது மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அதுவரை, ஈசியூவை எடுக்கக் கழற்றிய டேஷ்போர்டு மூடியை மாட்ட வேண்டாம். நான் அந்த ஸ்க்ரூக்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு வண்டியிலேயே வைத்திருப்பேன்.