சாலட் டிரெஸ்ஸிங் பிரியாமல் கிரீம் போல வர

டிரெஸ்ஸிங் செய்யும்போது எண்ணெயை முதலில் ஊற்றாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு தேக்கரண்டி மயோனைஸ் மூன்றையும் நன்றாகக் கலக்குங்கள். அப்புறம் 3 மேசைக்கரண்டி எண்ணெயை நூல் போல விட்டுக்கொண்டே அடியுங்கள். உணவகத்தில் தருவது போலவே கெட்டியாக, வெண்மையாக வரும்.

எண்ணெயும் புளிப்பு நீரும் தானாகச் சேராது. மயோனைஸில் உள்ள முட்டை மஞ்சள் கருவின் லெசித்தின், எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு அவை மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. எண்ணெய் மெதுவாக விழுந்தால்தான் துளிகள் பொடியாக உடையும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. முட்டை வேண்டாம் என்றால் கடுகு பேஸ்ட் போதும், ஆனால் அந்த அளவுக்குக் கெட்டியாகாது.

சூடான காய்கறிகளுக்கு இது சரிவராது, சூட்டில் எண்ணெய் பிரிந்துவிடும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் என்றால் மிக்ஸியில் அடிக்காதீர்கள், கசப்பு ஏறலாம். கையால் அடிப்பதே நல்லது. கீரை இலைகளில் ஈரம் இருந்தாலும் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் வழிந்து அடியில் தேங்கும், துடைத்துவிட்டுக் கலக்குங்கள்.