பழைய டிஜிட்டல் மேசைத் தொலைபேசிகளை ஆஸ்டெரிஸ்க்குடன் இணைக்கும் முறை

கஞ்சிக்கோடு, வாளையாறு, கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லைப்புற ஊர்களில் ஆலையோ கிடங்கோ நடத்திக்கொண்டு, கோயம்புத்தூரிலும் ஓர் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம், கணினிச் சர்வரையே தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளுக்கோ அதன்மேல் அமைந்த ஃப்ரீபிபிஎக்ஸுக்கோ மாற நினைக்கும்போது, மேசைகளில் ஏற்கெனவே இருக்கும் டிஜிட்டல் தொலைபேசிகளை என்ன செய்வது என்ற கேள்வி முதலில் எழும். அவற்றைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஆனால் நேரடியாகப் புதிய சர்வரில் செருகவும் முடியாது.

இத்தகைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், குரல், பொத்தான் அழுத்தம், விளக்கு, திரையெழுத்து ஆகிய எல்லாமே பெரும்பாலும் ஒரே ஜோடிச் செம்புக் கம்பியில் செல்கின்றன. செல்லும் முறையோ ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனி. பானசோனிக் தொலைபேசி மேட்ரிக்ஸ் இபிஏபிஎக்ஸில் (அலுவலக எக்ஸ்சேஞ்ச் பெட்டியில்) பேசாது. அனலாக் எக்ஸ்டென்ஷனில் செருகினால் வேலை செய்யாததோடு, மணியடிப்பதற்காக வரும் உயர் மின்னழுத்தம் கருவியைக் கெடுத்துவிடவும் கூடும். ஈதர்நெட் துளைக்குள் செருகி நுழைகிறது என்பதற்காக அங்கே செருகிப் பார்ப்பதும் வேண்டாம்: ஈதர்நெட் கேபிள் வழி மின்சாரத்துக்கான 802.3ஏஎஃப் தரத்திலான சுவிட்ச், எதிரே இருக்கும் கருவியைச் சோதித்த பிறகே மின்சாரம் தரும். மலிவான பேசிவ் இன்ஜெக்டரோ எதையும் சோதிக்காமலே மின்சாரத்தை அனுப்பிவிடும்.

குறிப்பிட்ட சில டிஜிட்டல் தொலைபேசிகளை எஸ்ஐபி முறைக்கு (கணினி நெட்வொர்க் வழியாக அழைக்கும் முறைக்கு) மாற்றும் பெட்டிகளைச் சிட்டெல் போன்ற நிறுவனங்கள் செய்திருக்கின்றன. மாடல் துல்லியமாகப் பொருந்தினால்தான் அவை பயன்படும். பழையதாக வாங்கியது பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பதும் அரிது. எனவே நான் பரிந்துரைப்பது வேறு வழி. பழைய இபிஏபிஎக்ஸை அதன் இடத்திலேயே விட்டு, டிஜிட்டல் தொலைபேசிகளைத் தாங்கும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைத்து, வெளி இணைப்புகள், குரல் மெனு, அழைப்புப் பதிவு, கிளைத் தொடர்பு ஆகியவற்றை ஆஸ்டெரிஸ்க்குக்கு மாற்றி, இரண்டுக்கும் நடுவே ஓர் ஈ1 பிஆர்ஐ (பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் டிஜிட்டல்) இணைப்பைப் போட வேண்டும். ஒரே கேபிளில் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் செல்லும்.

கேபிளைத் தொடுவதற்கு முன் எண் திட்டத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய தொலைபேசிகள் 2 என்ற இலக்கத்திலும், புதிய எஸ்ஐபி தொலைபேசிகள் 3 என்ற இலக்கத்திலும் தொடங்கட்டும். வெளி அழைப்புக்கு 0 இருக்கட்டும். 1இல் தொடங்கும் எக்ஸ்டென்ஷன்கள் வேண்டாம். 100, 101, 108, 112 ஆகிய அவசர எண்களுடன் மோதும்.

எல்லையோர அலுவலகங்கள் கவனிக்கத் தவறும் இடமும் இதுதான். வாளையாற்றுக் கிடங்கில் ஒருவர் 108ஐ அழுத்துகிறார் என்று கொள்வோம். அந்த அழைப்பு உள் நெட்வொர்க் வழியாகக் கோயம்புத்தூருக்குப் போய், அங்குள்ள 0422 இணைப்பில் வெளியேறினால், கேரளத்தில் நடந்த விபத்துக்குத் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறை பதில் சொல்லும் நிலை வரலாம். ஆகவே அவசர எண்களுக்குத் தனி வெளிவழி அமைத்து, ஒவ்வொரு கிளையின் அவசர அழைப்பும் அந்தந்த ஊரின் இணைப்பில், அதாவது பாலக்காட்டுப் பக்கத்தில் 0491 இணைப்பில், 0 அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் வெளியேறும்படி செய்ய வேண்டும். வெளி அழைப்பை இணையம் வழியாக வேறு ஊர்க் கிளைக்குக் கொண்டுபோவதற்கும் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் உண்டு. அப்படிச் செய்யும் எண்ணமிருந்தால் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி இணைப்பு. பழைய பெட்டியில் பிஆர்ஐ அட்டையும், சர்வரில் ஆஸ்டெரிஸ்க்கின் டாடி (DAHDI) டிரைவர் ஆதரிக்கும் ஈ1 அட்டையும் தேவை. சர்வர் மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் அட்டைக்குப் பதில் ஈ1ஐ எஸ்ஐபியாக மாற்றும் கேட்வே வாங்குங்கள். நடுவிலுள்ள கேபிள் ஈதர்நெட் கிராஸ் கேபிள் அன்று. ஈ1 கிராஸ் கேபிளில் ஒரு முனையின் 1, 2ஆம் கம்பிகள் மறுமுனையின் 4, 5க்கும், 4, 5ஆம் கம்பிகள் 1, 2க்கும் செல்ல வேண்டும். பழைய அட்டையில் 75 ஓம் கோஆக்ஸ் துளைகள் இருந்தால் 120 ஓமுக்கு மாற்றும் பேலன் ஒன்று வேண்டும்.

அமைப்புக் கோப்பில் எச்டிபி3 குறியாக்கத்தையும், இரு பக்கமும் ஒன்றுபோல சிஆர்சி4 பிழைச் சோதனையையும் வையுங்கள். குரலுக்கு 1 முதல் 15 வரையும் 17 முதல் 31 வரையும் உள்ள சேனல்கள், சிக்னலுக்கு 16. சுவிட்ச் வகை யூரோ ஐஎஸ்டிஎன். ஆஸ்டெரிஸ்க் நெட்வொர்க் பக்கமாகவும் இபிஏபிஎக்ஸ் பயனர் பக்கமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக இருந்தால் சிக்னல் சேனல் எழும்பாது. இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடுவதற்கான கடிகாரத் துடிப்பை ஆஸ்டெரிஸ்க் கொடுக்க, பழைய பெட்டி அதைப் பின்பற்றட்டும். இந்த ஒன்று தவறினாலும் அழைப்பு போகும், பேச்சு கேட்கும், ஆனால் அவ்வப்போது ‘டிக்’ என்ற ஒலி வரும், ஃபேக்ஸ் பாதியில் அறுந்துபோகும். காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். சிவப்பு அலாரம் என்றால் எதிர்ப்பக்கத்துச் சிக்னல் நமக்கு வரவில்லை. மஞ்சள் என்றால் நம்முடையது அங்கே போய்ச் சேரவில்லை.

பழைய பெட்டி இலக்கங்களை ஒவ்வொன்றாக அனுப்பும் வகையாக இருந்தால், முதல் இலக்கத்திலேயே ஆஸ்டெரிஸ்க் தவறான எண் என்று அறுத்துவிடும். அப்போது, மீதி இலக்கங்களுக்காகக் காத்திருக்கும் ஓவர்லாப் டயலிங்கை இயக்குங்கள். எஸ்ஐபி தொலைபேசிகளில் ஏ-லா கோடெக்கை (குரலைக் குறியாக்கும் முறையை) முதலில் வைத்தால், ஈ1இல் இருப்பதும் அதுவே என்பதால் மாற்றும் வேலை மிச்சமாகும்.

பிஆர்ஐ அட்டையே கிடைக்காவிட்டால், இபிஏபிஎக்ஸின் வெளி லைன் துளைகளை அனலாக் லைன் தரும் ஓர் எஃப்எக்ஸ்எஸ் கேட்வேயுடன் சேர்க்கலாம். நாலைந்து லைன் போதும் என்ற சிறிய அலுவலகத்துக்கு அது ஒத்துவரும். எதிரொலி, அழைப்பு முடிந்தும் லைன் விடுபடாமை ஆகிய தொல்லைகளை எதிர்பாருங்கள். பின்னதற்கு, இரண்டு பக்கமும் ஆதரித்தால், லைனின் துருவத்தை மாற்றி அழைப்பு முடிந்ததைத் தெரிவிக்கும் சிக்னல் மருந்து. அழைப்பவர் எண் தெரியாவிட்டால், இரு பக்கமும் அந்த எண்ணுக்குப் பயன்படுவது டிடிஎம்எஃப் முறையா எஃப்எஸ்கே முறையா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும், டிஜிட்டல் தொலைபேசியின் விளக்குப் பொத்தான்கள் அதன் பழைய பெட்டியிலுள்ள எக்ஸ்டென்ஷன்களை மட்டுமே காட்டும். 3இல் தொடங்கும் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று ரிசப்ஷன் மேசைக்குத் தெரியாது. அந்த ஒரு மேசைக்கு மட்டும் எஸ்ஐபி தொலைபேசி வாங்கிவிடுவதே எளிது.

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களின் பிற்பகல் இடிமின்னலுக்கும் முன்கூட்டியே வழி செய்ய வேண்டும். கட்டடத்துக்கு வெளியே, கேட் காவலர் அறைக்கும் எடைமேடைக்கும் போகும் ஒவ்வொரு ஜோடிக்கும் எம்டிஎஃப்பில் (எல்லா ஜோடிகளும் வந்து சேரும் இடத்தில்) கம்பிகளைச் செருகும் கிரோன் பட்டையின் மேல் வாயுக் குழாய்ப் பாதுகாப்பான்களைப் பொருத்தி, பட்டையின் எர்த் கம்பி உண்மையில் எர்த் குழி வரை போகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த ஜோடிகளில் வரும் மின்னல் தாக்கம் இப்போது பழைய பெட்டியோடு நிற்காமல் ஈ1 கேபிள் வழியாகச் சர்வரையும் தொடக்கூடும் என்பதால், இரண்டு கருவிகளும் ஒரே எர்த்தில் இருக்க வேண்டும்.