வளரும் நிறுவனத்தில் மேலாளரா? கேள்விகளைக் குறித்து வையுங்கள்

நல்ல மேலாளர் யார் என்று 2008இல் கூகுள் தன் நிறுவனத்துக்குள்ளேயே ஆராய்ந்தது. எட்டுப் பண்புகள் தேறின. ஆட்களைப் பயிற்றுவித்து வளர்த்துவிடுவதற்கு முதலிடம், தொழில்நுட்பத் திறமைக்குக் கடைசி இடம்! பதவி உயர்வு பெற்ற கெட்டிக்காரர்கள் பலருக்கு இது கசக்கும்.

ஆட்களை வளர்ப்பதென்றால் அவர்களை முடிவெடுக்கவும் விட வேண்டும். பதினைந்து பேர் இருக்கும்போது எல்லாவற்றையும் உங்களிடம் கேட்டால் பாதகமில்லை. நூறு பேரானால் உங்கள் மேசையிலேயே வேலை தேங்கிவிடும். ஆகவே ஒரு வாரம், உங்களிடம் வரும் கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு எவற்றை அவர்களே முடிவு செய்யலாம், எவற்றுக்கு உங்களைக் கேட்டே தீர வேண்டும் என்று பிரித்து, எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவிடுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி என்றால், ஓவர்லாக் மெஷினுக்கு ஆள் வராத நாளில் யாரை உட்கார வைப்பது என்பது லைன் சூப்பர்வைசரின் முடிவு. நூல் தீர்ந்தால் ஸ்டோரில் எடுப்பதும் அப்படியே. துணியில் ஷேடு, அதாவது நிறத்தின் சாயல், மாறியிருந்தால் மட்டும் வெட்டுவதற்கு முன் உங்களிடம் வரட்டும். வெட்டிய துணியை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

தொடக்கத்தில் அவர்கள் எடுக்கும் சில முடிவுகள் தவறாகப் போகும். அதற்காக அதிகாரத்தைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று தனியாக அழைத்து, பொறுமையாகக் கேளுங்கள்.