புது ஸ்டீரியோ மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அடாப்டர் ஒயரில் எங்கே தேடுவது

காரோடு வந்த பழைய செட்டைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு செட்டையோ புளூடூத் செட்டையோ வீட்டிலேயே மாட்டுகிறவர்கள், காரின் ஒயரை வெட்டாமல் இருக்க அடாப்டர் ஒயர் வாங்குகிறார்கள். அதன் ஒரு முனை காரின் கப்ளரில் செருகும், மறுமுனை செட்டோடு சேரும். கப்ளர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்பதற்காக, கரண்ட் சரியான ஒயரில்தான் போகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோளாறு தேடும்போது கண்ணால் நிறம் பார்ப்பதை விட்டு மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 1.5 வோல்ட் பேட்டரி செல் ஒன்று, இரண்டு அடி ஒயர், செட்டில் இருக்கும் அதே ஆம்பியர் பியூஸ் இரண்டு. இவை போதும். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் இந்த வேலைக்கு வேண்டாம். கப்ளரில் கேன் ஒயர்கள் (காரின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் ஒயர்கள்) இருந்தால், பல்பு இழுக்கும் கரண்ட் அவற்றுக்கு ஆகாது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றும் முன், பழைய செட்டுக்குத் திருட்டுத் தடுப்பு எண் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப அதையே மாட்ட நேர்ந்தால் அந்த எண் இல்லாமல் செட் வேலை செய்யாது. நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் கழித்தே டேஷ்போர்டில் கை வையுங்கள். அங்கே மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போவது. அதில் மீட்டர் முனையை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

மஞ்சளும் சிவப்பும்

செட்டின் பக்கம் நிறங்கள் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் வேண்டும். சிவப்பில் சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டும். கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, ஆரஞ்சு இரவில் திரை வெளிச்சம் குறைவதற்கு. காரின் பக்கம் இந்த நிறங்கள் செல்லாது.

பல கார்களுக்குப் பொதுவான ஐஎஸ்ஓ கப்ளரின் 8 பின் (உலோக முனை) கொண்ட பவர் பகுதியில் 4-ஆம் பின் நிரந்தரக் கரண்ட், 7-ஆம் பின் சாவிக் கரண்ட், 8-ஆம் பின் எர்த். பொது அமைப்பு இதுதான் என்றாலும், பழைய ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும். அந்தக் காரில் பொது அடாப்டரைச் செருகினால் செட் பாடும். ஆனால் சாவியை எடுத்ததும் கடிகாரம், எப்எம் நிலையங்கள், சவுண்ட் அமைப்பு எல்லாம் அழிந்துவிடும், ஏனென்றால் செட்டின் நினைவகம் மஞ்சளை நம்பித்தான் இருக்கிறது. இதற்காகவே பல அடாப்டர்களில் மஞ்சள், சிவப்பு இரண்டின் நடுவிலும் கழற்றி மாட்டும் புல்லட் இணைப்பு வைத்திருப்பார்கள். இரண்டையும் குறுக்கே மாற்றிச் செருகினால் சரியாகிவிடும்.

மாற்றும் முன் அளந்து பாருங்கள். பேட்டரியைத் திரும்ப இணைத்து, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத பாடி இரும்பில் பிடியுங்கள். சாவி இல்லாத நிலையில் 12.4 முதல் 12.7 வரை காட்டும் பின்தான் மஞ்சளுக்கு உரியது. சாவி திருப்பிய பிறகே உயிர் பெறும் பின்தான் சிவப்புக்கு உரியது.

சாவியைத் திருப்பியும் எந்தப் பின்னிலும் புதிதாகக் கரண்ட் வரவில்லையா? பெரும்பாலும் அந்தக் காரில் சாவியின் தகவல் கேன் ஒயர் வழியாகப் போகிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் பிந்தைய மாடல்களில் இது சாதாரணம். அங்கே அந்தத் தகவலைப் படித்துச் செட்டுக்குச் சொல்லும் கேன்பஸ் டீகோடர் பெட்டி உள்ள அடாப்டர்தான் வேண்டும். ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்வதும் அதே பெட்டியால்தான். பெட்டி இருந்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், செட்டின் அமைப்பில் காரின் மாடல் சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி வாங்காமல் சிவப்பையும் மஞ்சளோடு முறுக்கிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. செட் உறங்கவே உறங்காது. 300 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர் (Ah) போய்விடும். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றே நாளில் பாதியாகிவிடும். பியூஸ் பெட்டியில், சாவியோடு உயிர் பெறும் ஒரு பியூஸ் இடத்தில் பியூஸ் டேப் (fuse tap, பியூஸ் இடத்தில் செருகித் தனி ஒயர் எடுக்கும் சிறு இணைப்பு) போட்டுச் சிவப்புக்குத் தனி ஒயர் இழுப்பதே ஒழுங்கான வழி.

பேட்டரி இறங்குகிறதா என்ற சந்தேகம் வந்தால், மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் வையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், கார் முழுதாக உறங்க அவ்வளவு நேரம் ஆகலாம். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

சத்தம் கூட்டினால் செட் அணைகிறது

முதலில் எர்த்தைப் பாருங்கள். செட்டை நன்றாகச் சத்தமாக ஓடவிட்டு, செட்டின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் இணைப்பு பலவீனம். வெறும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம்தான் பொதுவாகக் காரணம். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை இளகி வழுக்கும், ஒயர் மெதுவாக விலகும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள், அல்லது சரியான அளவு கிரிம்ப் (ஒயரை நசுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பு) போடுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று 10-க்குப் பதில் 20 போடுவது ஒயரைத் தீக்குக் கொடுப்பது.

எர்த் நன்றாக இருந்தால் ஸ்பீக்கர் ஒயர்களுக்கு வாருங்கள். இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் எர்த் அல்ல. அந்த ஒயரிலும் ஆம்ப்ளிபயரின் வெளியீடுதான் வருகிறது. அது பாடியில் பட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், சில சமயம் ஐசியே போய்விடும். செட்டிலிருந்து கப்ளரைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரையும் பாடியோடு சேர்த்து ஓம்ஸில் அளந்து பாருங்கள். இணைப்பு எதுவும் காட்டக் கூடாது. ஒரு ஜோடிக்குள் அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 முதல் 4 வரை வரும். இரண்டு ஸ்பீக்கருக்கு ஒரே நெகட்டிவ் ஒயர் ஓடும் பழைய காராக இருந்தால் அடாப்டர் தீர்வாகாது, புது ஒயர்தான் இழுக்க வேண்டும்.

செட்டில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். பாட்டு வருகிறது ஆனால் பேஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறுகிறது என்றால் ஒரு ஜோடி தலைகீழாக இருக்கிறது. கப்ளர் கழற்றிய நிலையில், 1.5 வோல்ட் செல்லை ஸ்பீக்கர் ஒயர்களில் ஒரு கணம் தொடுங்கள். பாசிட்டிவைப் பாசிட்டிவில் தொட்டால் கூம்பு வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் அந்த ஜோடியை மாற்றுங்கள். ட்வீட்டரில் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) இந்தச் சோதனை பயன்படாது, அதன் முன் இருக்கும் கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்துவிடும்.

எப்எம் இழுக்கவில்லை

ஆன்டெனாவின் அடியில் பூஸ்டர் இருந்தால் அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய செட் அதை ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்பியிருக்கும். ஃபாக்ரா (Fakra) என்னும் வகை ஆன்டெனா முனை உள்ள கார்களில் ஆன்டெனா அடாப்டரில் ஒரு மெல்லிய நீல ஒயர் தொங்கும், அதைச் செட்டின் நீலத்தோடு சேருங்கள். அப்படியும் இரைந்தால் சிகரெட் லைட்டரில் செருகிய மலிவு யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

ஆக்ஸிலரேட்டரோடு ஏறும் ரீங்காரம்

எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊளை, ஆல்டர்னேட்டரிலிருந்து எர்த் வழியாக உள்ளே வருவது. பழைய செட்டின் ஆக்ஸ் (AUX) சாக்கெட்டில் புளூடூத் ரிசீவரைச் செருகி, அதற்குக் கரண்டைக் கார் சார்ஜரிலிருந்து கொடுப்பவர்களுக்கு இது தவறாமல் வரும் தொல்லை. ரிசீவரைப் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். ஊளை நின்றால் எர்த் இரண்டு வழியில் போய்ச் சுற்றுகிறது. ஆக்ஸ் ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் அடங்கும். மலிவானதில் பேஸ் சற்றுக் குறையலாம். நிற்கவில்லை என்றால் செட்டின் எர்த்தையும், ஆம்ப் இருந்தால் அதன் எர்த்தையும் ஒரே இடத்தில், பெயிண்டைச் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.