தழும்புக்கு லேசர்: காசு கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

லேசர் என்பது ஒரே மெஷின் இல்லை. அதனால் கிளினிக்கில் "பேக்கேஜ்" விலை கேட்பதற்கு முன்னால் உங்கள் தழும்பு எந்த ரகம் என்று பாருங்கள்.

சிவந்து, லேசாகப் புடைத்து, அரிக்கிற புதுத் தழும்பா? அதில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மண்டியிருக்கும். அதற்குப் பல்ஸ்டு டை லேசர். அது விடும் 585 அல்லது 595 நானோமீட்டர் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிச் சூடாவதால் அந்தக் குழாய்கள் சுருங்கி, சிவப்பும் புடைப்பும் மெல்லக் குறையும். ஆபரேஷன் தழும்பு என்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை, காயம் சரியாக மூடியிருந்தால் தையல் பிரித்த நாளிலிருந்தே தொடங்கலாம், வழக்கமாக மாதத்துக்கு ஒரு சிட்டிங். தழும்பு தடிக்காமல் தடுக்கவும் இது உதவலாம்.

பரு விட்டுப்போன குழிகளுக்கு ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். தோலில் நுண்துளைகள் போட்டு, நடுநடுவே நல்ல தோலைத் தொடாமல் விடுவதால் சீக்கிரம் ஆறும். குழியை நிரப்பும் கொலாஜன் என்ற தோல் புரதம் உருவாக மாதங்கள் ஆகும், அடுத்த வாரமே கண்ணாடியைப் பார்த்து நொந்துகொள்ளாதீர்கள். ஊசி குத்தியது போன்ற ஆழக் குழிகள் இதற்கு அவ்வளவாக அசையாது. பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்குங்கள்.

இப்போது நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் முக்கியமான விஷயம். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும், அதைத் தவிர சூடு பட்ட எரிச்சலாலும் கருமை படியும். தழும்பு போய்க் கரும்புள்ளி வந்தால் அது மறைய மாதக்கணக்காகும். "என் நிறத்துக்கு எனர்ஜியைக் குறைத்து வைப்பீர்களா, முதலில் சின்ன இடத்தில் டெஸ்ட் செய்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். வெயிலில் சுற்றிக் கறுத்த கையோடு போகவே போகாதீர்கள்.

காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டுக்கு லேசர் மட்டும் போதாது, திரும்ப வந்துவிடும். டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டில் மாட்டும் சிவப்பு எல்இடி மாஸ்க்? பழைய தழும்புக்கு அதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

வாய் ஓரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமென்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், லேசரால் அது கிளம்பாமல் இருக்க மாத்திரை தருவார். சிட்டிங்கின்போது கண்ணுக்குக் கவசம் கட்டாயம். அப்புறம் பொருக்கை உரிக்காமல் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள், ஆறியதும் எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், மேகமூட்டமான நாளிலும்.