நம் நம்பிக்கையை அடுத்தவர் தலையில் ஏற்றாமல் இருப்பது எப்படி?

நண்பனின் அப்பா ஐசியூவில் இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்திலிருந்து தொடங்குகிறேன். மூளையில் ரத்தக்கசிவு, மூன்றாவது நாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார்கள், கையில் திருச்செந்தூர் இலை விபூதி, பன்னீர் இலை காய்ந்து ஓரம் நொறுங்கி சேலையில் உதிர்ந்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இயேசப்பாகிட்ட கேளுங்கம்மா, சுகம் தருவார்" என்று ஆரம்பித்து, பையிலிருந்த, இயேசுவைப் பற்றிய கைப்பிரதி ஒன்றை எடுத்து அந்த விபூதி இருந்த கையிலேயே வைத்தேன். அவர்கள் மறுக்கவில்லை. "சரி தம்பி" என்றார்கள். ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார். நண்பன் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவனே சொன்னான்: "அன்னிக்கு அம்மா பக்கத்துல ஒரு ஆள் உட்காரணும்னுதான்டா உன்ன வரச் சொன்னேன்."

நம் நம்பிக்கைக்குள் அடுத்தவரையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற இந்த உந்துதலுக்கு எங்கள் கிறிஸ்தவ சபையில் ஆத்தும பாரம் என்று பெயர். உண்மையாகவே அது பாரம்தான். நமக்குப் பிரியமானவர்கள் நாம் கண்டதைக் காணாமல் போய்விடுவார்களோ என்ற பதைப்பு. அதனால்தான் சொல்கிறேன், இந்த உந்துதல் வருவது கெட்ட குணம் என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். தாவா செய்கிற, அதாவது இஸ்லாத்துக்கு அழைக்கிற இஸ்லாமிய நண்பருக்கும், தாய்மதம் திரும்பு என்று கூப்பிடுகிறவருக்கும், சாமியே இல்லை என்று புரியவைத்தே தீருவேன் என்கிற பகுத்தறிவு நண்பருக்கும் உள்ளே ஓடுவது ஏறக்குறைய இதேதான். வந்ததும் அதை என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

முதலில் அது எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள். எனக்கு ஒரு அடையாளம் உண்டு. எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் சொல்வதைக் கேட்காமல், எங்கே இடைவெளி கிடைக்கும், எங்கே என் பேச்சை நுழைக்கலாம் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். மகளுக்கு வரன் அமையவில்லை என்று அவர் சொல்கிறார், எனக்கோ ஒரு வசனம் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. அந்த நொடியில் நான் செய்வது ஒன்றுதான்: அவர் கடைசியாகச் சொன்னதைப் பற்றியே இன்னொரு கேள்வி கேட்பேன். "எத்தன வருஷமா பாக்குறீங்க?" அவ்வளவுதான். அவர் பேச்சு அவரிடமே திரும்பிவிடும், என் வசனம் அடங்கிவிடும்.

அடுத்தது, வாயே திறக்கக் கூடாத நேரங்கள். மருத்துவமனை, சாவு வீடு, கடன்காரன் வாசலில் நிற்கும் நாள், குழந்தை இல்லை என்று ஒரு பெண் அழுகிற நேரம், பிள்ளை நீட்டில் தோற்ற வாரம். மனுசன் உடைந்து கிடக்கும்போது அவன் சொல்கிற "சரி" சம்மதம் ஆகாது, மறுக்கத் தெம்பில்லை என்றுதான் அதற்குப் பொருள். அதுவே நாத்திகருக்கும். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய் "இப்பவாவது புரியுதா, உங்க சாமி எங்க போச்சு" என்று கேட்கிறவரும், நான் கைப்பிரதி கொடுத்த மாதிரியே ஒன்றைத்தான் கொடுத்துவிட்டு வருகிறார்.

நேரத்தைப் போலவே உறவையும் பாருங்கள். நீங்கள் ஆசிரியர், அவர் மாணவர். நீங்கள் வீட்டுக்காரர், அவர் குடியிருக்கிறவர். நீங்கள் நர்ஸ், மேனேஜர், கைமாற்று கொடுத்தவர். இந்த இடங்களில் நீங்கள் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அவர் காதில் விழுவது வேறு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதத்தைப் பரப்பும் உரிமை பற்றி விவாதம் நடந்தபோது, பின்னாளில் நிதியமைச்சரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து அந்த உரிமையை ஆதரித்தே பேசினார். அவர் காட்டிய சான்று தன் சொந்தப் படிப்புதான்: சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்திருக்கிறேன், என்னை மதம் மாற்ற ஒரு முயற்சியும் நடக்கவில்லை. அந்த ஆசிரியர்கள் தங்கள் நம்பிக்கையை மறைத்துக்கொண்டவர்கள் இல்லை. பையன் படிக்க வந்திருக்கிறான், படிக்க வைத்து அனுப்பினார்கள். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து அவர்கள் மேல் பெரிய மரியாதை.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பரப்புதல்' என்ற சொல்லுக்கு விளக்கம் சொன்னது: உன் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது. இந்தத் தீர்ப்பை எதிர்த்தும் ஆதரித்தும் இன்றுவரை பேசுகிறார்கள், அது பெரிய கதை. நமக்கு வேண்டியது அந்தக் கோடு மட்டும்தான். சொல்வது என் வேலை, மாறுவதோ மாறாததோ அவர் வேலை.

"என் வேதமே போய்ச் சொல் என்கிறதே, நான் எப்படிச் சும்மா இருப்பது?" இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. அதே பைபிளில், உங்களிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்று 1 பேதுரு 3:15 இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு. மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்கிறது குர்ஆன் 2:256. கீதை முழுக்க அர்ஜுனனுக்குச் சொல்லிமுடித்த கிருஷ்ணர், இதையெல்லாம் யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று 18:63-இல் விட்டுவிடுகிறார். 2,200 ஆண்டுகளுக்கு முன்பே அசோகர் தன் 12-ஆம் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தைத் தூக்கிப் பிடிக்க அடுத்த சமயத்தைத் தாழ்த்துகிறவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்று வெட்டி வைத்தார். உங்கள் மரபுக்குள்ளேயே தேடுங்கள். அடுத்தவர் சொல்லி அடங்குவதைவிட நம் வீட்டுப் பெரியவர் சொல்லி அடங்குவது எளிது.

சரி, அவரே கேட்டுவிட்டார் என்றால்? சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். "ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?" என்றால் ஆராதனை, பாட்டு, பிரசங்கம், அப்புறம் சில வாரம் கறிக்குழம்பு, முடிந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆதாம் ஏவாளிலிருந்து ஆரம்பித்தால் அவர் அடுத்த முறை கேட்கவே மாட்டார். "நான் இப்படி நம்புறேன்", "எங்க வீட்ல இப்படி" என்று தன்னிலையில் பேசுங்கள். "நீங்க" என்று வாக்கியம் ஆரம்பித்தாலே எச்சரிக்கையாகுங்கள்.

உதவி செய்யும்போது உங்களுக்கு நீங்களே ஒரு கேள்வி: இவர் சாகும்வரை தன் சாமியையே கும்பிடுவார் என்று எனக்கு இப்போதே தெரிந்தால், இவர் பிள்ளையின் ஃபீஸைக் கட்டுவேனா? கட்டுவேன் என்றால் கட்டுங்கள், வாயை மூடிக்கொண்டு கட்டுங்கள். தயக்கம் வந்தால், அந்தப் பணத்துக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஜெபமும் அப்படித்தான். ஒருவருக்காக வேண்டிக்கொள்ள அவர் தலையில் கை வைக்க வேண்டியதில்லை, அவருக்குத் தெரியவும் வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வேண்டுங்கள்.

பிரசாத விஷயத்தில் பல பேர் சிக்கிக்கொள்கிறார்கள். படைத்த பொங்கலை வாங்க உங்கள் மனசாட்சி இடம் தரவில்லையா, முகத்தைச் சுளிக்காமல், விளக்கமும் கொடுக்காமல், "நான் சாப்பிடுறதில்லக்கா, தப்பா நெனைக்காதீங்க, ஒரு டம்ளர் காபி குடுங்க" என்று உரிமையோடு வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கிறவர் பக்கமும் ஒரு வார்த்தை: மறுத்தால் மறுத்துவிட்டுப் போகட்டும். எங்கள் தெருவில் ரம்ஜான் மாதம் சாயங்காலமானால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும். ஊற்றுகிற பெரியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை, வாளி சின்னதாக இருந்தால் "வூட்ல எத்தன பேரு, பெருசா கொண்டா" என்று மட்டும் திருப்பி அனுப்புவார்.

வாட்ஸ்அப் குழு பற்றி நீட்டப் போவதில்லை. குடியிருப்பு குழுவில் தண்ணீர் லாரி பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்று, நல்லெண்ணத்தோடே செய்கிற தவறு. "எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று சொல்லி முடிப்பது. ஐந்து வேளை தொழுகிறவருக்கும், 48 நாள் மாலை போடுகிறவருக்கும், தவக்காலத்தில் கறி விடுகிறவருக்கும் அது ஒன்றில்லை. அவர் உயிராகப் பிடித்திருப்பதைத் தட்டிச் சமமாக்கி நம் கருத்துக்குள் இழுப்பதும் ஒருவகை மாற்றல்தான். வேறுபாடு இருக்கட்டும். "எனக்கு இது ஒத்துவரல, ஆனா உங்களுக்கு இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள், எவ்வளவு பேச்சு வரும் தெரியுமா!

மாறச் சொல்கிறவர் மாறுவதற்கான விலையைக் கொடுப்பதில்லை என்பதையும் யோசியுங்கள். 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்துக்களும், 1956-இல் சேர்க்கப்பட்ட சீக்கியர்களும், 1990-இல் சேர்க்கப்பட்ட பௌத்தர்களும் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள். கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ மாறும் தலித் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழை இழக்கிறார். அது நியாயமா என்பது வேறு வாதம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் கூட்டத்தில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு இதில் ஒன்றும் போகாது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவர் தானே முடிவெடுத்து மாறினால் தடுக்கவும் நமக்கு வேலை இல்லை. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். 1981-இல் நெல்லைச் சீமையின் மீனாட்சிபுரத்தில் சாதிக்கொடுமை தாங்காமல் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்துக்குப் போனார்கள். காசுக்கு மாறினான் என்று வாய்கூசாமல் சொல்வதற்கு முன், அவர்கள் எதிலிருந்து வெளியே வந்தார்கள் என்று கேளுங்கள்.

கல்யாணத்தில்தான் இந்த உந்துதல் மிகக் கடுமையாக வரும், அதுவும் குடும்பத்தின் வழியாக. "பொண்ணு ஞானஸ்நானம் எடுத்துட்டா பிரச்சினை இல்ல", "பையன் கலிமா சொல்லட்டும்". இரண்டு பேரும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு மணந்துகொள்ள 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அது 30 நாள் பார்வைக்கு இருக்கும், பிறகு 3 சாட்சிகளோடு கையெழுத்து. சொத்துரிமையில் சில மாற்றங்கள் வரும், கூட்டுக்குடும்பச் சொத்து இருந்தால் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோராக இருந்தால், "மாறு" என்று சொல்வதற்கு முன் இந்த வழி இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

போன மாதம் நண்பனின் அப்பாவுக்குத் திதி. போயிருந்தேன். வாழை இலை நறுக்கினேன், காக்கைக்குச் சோறு வைக்க அவனோடு மாடிக்குப் போனேன். காக்கை வரத் தாமதமானது. நின்றுகொண்டிருந்தபோது, "நீங்க இதுக்கு என்ன செய்வீங்கடா?" என்று கேட்டான். கல்லறைத் திருநாள் அன்று போய்ச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம் என்றேன். "மெழுகுவத்தி காத்துல நிக்குமா?" என்றான். சிரட்டையைக் கவிழ்த்து மறைப்பு வைப்போம் என்றேன். அதற்குள் காக்கை வந்துவிட்டது.