கார் கம்ப்யூட்டருக்கு முதலில் திரையைப் பாருங்கள், போர்டு அப்புறம்

காரில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மதர்போர்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த பிராசஸர், எத்தனை ஜிபி ரேம் என்று நாள் கணக்கில் அலசி முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் காசுக்கு ஏதோ ஒரு திரையை வாங்கி மாட்டுவார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் திரை, அப்புறம் கரண்ட், கடைசியில்தான் போர்டு. பாட்டு, மேப், ஓபிடி (வண்டியின் கோளாறு பார்க்கும் சாக்கெட்) வழியாக வரும் இன்ஜின் விவரம் எல்லாவற்றுக்கும் இன்று கிடைக்கிற சின்ன போர்டே தாராளம். மதிய வெயிலில் கண்ணுக்கே தெரியாத திரையை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பிராசஸர் போட்டும் பிரயோஜனம் இல்லை.

டேஷ்போர்டில் டபுள் டின் ஓட்டை (ஸ்டீரியோ உட்காரும் பெரிய அளவு இடம்) இருந்தால் அது சுமார் 18 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். 7 அங்குலத் திரை கச்சிதமாக உட்காரும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அந்த 7 அங்குலம் மூலைக்கு மூலை, படம் தெரிகிற பகுதிக்கு மட்டும். சாதாரண 7 அங்குலப் பேனலின் வெளி அளவு சுமார் 165க்கு 100 மி.மீ. வரும், அதன் மேல் ஒட்டிய டச் கண்ணாடி இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதனால் அகலத்தில் இடம் மிஞ்சும், உயரத்தில்தான் இடிக்கும். வாங்குவதற்கு முன் அந்த வெளி அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி ஓட்டையில் வைத்துப் பாருங்கள். 9 அங்குலம் வேண்டும் என்றால் உங்கள் வண்டி மாடலுக்கென்று வரும் பிளாஸ்டிக் ஃபிரேம் தேவை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், ஆனால் அவை ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவின் அளவுக்குச் செய்தவை என்பதால் அங்கேயும் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் ஆள் ஏமாறுவது. விலை குறைந்த பேனல்கள் பெரும்பாலும் 200 முதல் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு). வீட்டு மேஜையில் பளிச்சென்று இருக்கும், காரில் சூரியன் பக்கவாட்டில் விழுந்தால் உங்கள் முகம்தான் அதில் தெரியும். காருக்குக் குறைந்தது 500 வேண்டும், 800 முதல் 1000 இருந்தால் நிம்மதி. ஐபிஎஸ் பேனலாக இருக்கட்டும், ஏனென்றால் டிரைவர் திரையை எப்போதும் ஓரத்திலிருந்துதான் பார்க்கிறார். கடைக்காரர் காட்டுகிற டெமோவை நம்பாமல், திரையை ஒரு நிமிடம் வாசல் வெயிலில் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர் என்றால் அதையும் மாட்டிக்கொண்டு பாருங்கள், சில திரைகள் குறிப்பிட்ட கோணத்தில் சுத்தமாகக் கறுத்துவிடும்.

இத்தனை வெளிச்சம் ராத்திரியில் கண்ணைக் குத்தும். ஆகவே பேக்லைட்டையே குறைக்கிற வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சாஃப்ட்வேரில் குறைப்பது படத்தை மட்டும்தான் மங்கவைக்கும், பின்னால் விளக்கு அதே அளவில் எரிந்துகொண்டிருக்க, கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். டச் என்றால் கெபாசிட்டிவ் (போனில் இருப்பது போல விரல் பட்டாலே போதும்), யோசிக்கவே வேண்டாம். விவரத் தாளில் இயங்கு வெப்பநிலை 70 டிகிரி வரை என்று போட்டிருக்க வேண்டும், மே மாதம் வெயிலில் நிறுத்திய வண்டிக்கு 50 டிகிரி பேனல் தாங்காது. ரிவர்ஸ் கேமராவைக் கம்ப்யூட்டர் வழியாகக் கொண்டுவராதீர்கள். கம்ப்யூட்டர் கிளம்பி முடிப்பதற்குள் நீங்கள் பார்க்கிங்கை விட்டு வெளியே வந்திருப்பீர்கள். ரிவர்ஸ் லைட் ஒயரில் 12 வோல்ட் வந்ததும் தானாகக் கேமராவுக்கு மாறுகிற, தனி ஏவி இன்புட் உள்ள திரையாகப் பாருங்கள்.

சரி, கரண்ட். காரில் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்கும், செல்ஃப் எடுக்கும் நொடியில் 8க்கும் கீழே விழலாம், அவ்வப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து பெரிய ஏற்றமும் வரும். 12 வோல்ட் டிசி ஜாக் உள்ள போர்டை நேராக இந்த லைனில் கொடுக்கலாமே என்று தோன்றும். வெறும் 12 என்று மட்டும் எழுதியிருந்தால் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் விதியே 12 வோல்ட் லைனில் 5 சதவீத ஏற்றத்தைத்தான் அனுமதிக்கிறது, 14.4 அதைத் தாண்டிவிட்டது. இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி, அதில் லேப்டாப் அடாப்டரைச் சொருகி மறுபடி 19க்குக் கொண்டுவருவது சுற்றி வளைத்த வேலை, வழியெல்லாம் சூடாக வீணாகும்.

வண்டிக்கென்றே செய்த டிசி பவர் சப்ளை வாங்குங்கள். உதாரணத்துக்கு எம்4-ஏடிஎக்ஸ் 6 முதல் 30 வோல்ட் வரை எது வந்தாலும் வாங்கிக்கொண்டு போர்டுக்குச் சீராகக் கொடுக்கும். இந்த வகையில் மூன்று ஒயர்: பேட்டரி, எர்த், சாவி லைன். சாவியைத் திருப்பினால் போர்டின் பவர் பட்டனை அதுவே அழுத்தும், சாவியை எடுத்தால் கொஞ்சம் பொறுத்து ஷட்டவுன் கொடுத்து, அப்புறம் மொத்தமாக லைனைத் துண்டிக்கும். பேட்டரி ஒயரில் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், போர்டுக்குப் பக்கத்தில் அல்ல. நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்றப்போவது அதுதான்.

ஸ்லீப்பில் போட்டுவிட்டால் சட்டென்று எழும்புமே என்று கேட்பார்கள். கணக்குப் போடுங்கள்: ஸ்லீப்பில் 2 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் ஒரு நாளைக்கு 4 ஆம்பியர் அவர். சின்ன பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர் அவர் அளவில்தான் இருக்கும். வண்டியை நான்கைந்து நாள் எடுக்காமல் விட்டால் பாதி காலி, பழைய பேட்டரி என்றால் தள்ளத்தான் வேண்டும். முழுசாக அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும்.

இப்போது போர்டு. நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று ராஸ்பெர்ரி பை என்ற கையடக்க ஒற்றை போர்டு கம்ப்யூட்டர், மேப்பும் பாட்டும் மட்டும் போதும் என்பவர்களுக்கு. பை 5 முழுசாக வேலை செய்ய 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 3 ஆம்பியர் சப்ளை கொடுத்தால் யூஎஸ்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும், டச் திரையும் ஜிபிஎஸ்ஸும் அதிலேயே திணறும். பை 5ல் ஆடியோ ஜாக் கிடையாது, ஒரு யூஎஸ்பி டாக் (DAC, யூஎஸ்பியில் சொருகி ஆடியோ எடுக்கும் சாதனம்) கூடவே வாங்க வேண்டும். டிஎஸ்ஐ ரிப்பன் திரை (தட்டைக் கேபிளில் போர்டோடு நேராக இணைவது) எடுத்தால் கேபிள் குட்டை, போர்டு திரைக்குப் பின்னாலேயே, காற்றே போகாத இடத்தில் உட்கார வேண்டியிருக்கும், 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்டிஎம்ஐ திரை என்றால் இந்தத் தொல்லை இல்லை.

மற்றது இன்டெல் என்100 போட்ட மினி-ஐடிஎக்ஸ் போர்டு. பிராசஸர் வெறும் 6 வாட், பெரிய வீடியோவும் திணறாமல் ஓடும், விண்டோஸும் போடலாம். 17க்கு 17 செ.மீ. என்பதால் டேஷ்போர்டுக்குள் போகாது, சீட்டுக்கு அடியிலோ கிளவ் பாக்ஸிலோதான். அங்கிருந்து 3 மீட்டர் எச்டிஎம்ஐ, கூடவே டச்சுக்கு ஒரு யூஎஸ்பி, இரண்டும் அந்தத் தூரத்துக்குத் தாங்கும். என்னைக் கேட்டால் இதுதான் நிம்மதியான வழி, திரையை எப்போது மாற்றினாலும் போர்டைத் தொட வேண்டாம். வாங்கும்போது எஸ்எஸ்டியை நேராகச் சொருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள், சாட்டா கேபிள் குலுக்கலில் கழன்றுவிடும், எம்.2 ஸ்குரூ போட்டு உட்காரும்.

ஸ்பீக்கரில் ஆக்சிலேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்குகிற 'ங்ஙீ' சத்தம் வந்தால் போர்டைக் குறை சொல்லாதீர்கள். கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் எர்த் வெவ்வேறு இடத்தில் அடித்திருப்பார்கள். இரண்டையும் ஒரே போல்ட்டில் கொண்டுவாருங்கள், அப்படியும் போகாவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போடுங்கள்.

டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன், எல்லாவற்றையும் வெளியே ஒயர் இழுத்து பேட்டரியில் மாட்டி சீட் மேலேயே வைத்து, பத்து முறையாவது செல்ஃப் அடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஒருமுறை கூட ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. அப்படி ஆனால் பவர் சப்ளைதான் பிரச்சினை, அதை மாற்றாமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.